சப்தாங்: 1,700 பேர் மட்டுமே வாழும் தீவு எப்படித் தனி நகராட்சியாக இருக்கிறது?

கேள்வி இது: பிலிப்பைன்ஸின் வடகோடியில், பத்தானெஸ் மாகாணத்தில் இருக்கும் சப்தாங்கில் மொத்தமே சுமார் 1,700 பேர். நம்மூர்க் கணக்கில் ஒரு கிராம ஊராட்சி அளவுதான். அதற்கு எப்படி மேயர், மன்றம், தனி வரவுசெலவு எல்லாம்? அந்த ஊரின் வரலாறும் நிலமும் என்ன?

ஒரே வரியில் சொன்னால், நடுவில் கடல் இருக்கிறது. பக்கத்துத் தீவான பத்தானுக்கும் சப்தாங்குக்கும் இடையே சுமார் 5 கிலோமீட்டர் நீர்தான். அந்த நீரைக் கணக்கில் எடுக்காமல் சப்தாங்கின் எந்தச் சங்கதியும் விளங்காது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பத்தானெஸ் என்பது மாகாணம். பத்தான் என்பது அதில் ஒரு தீவு. மாகாணத் தலைநகர் பாஸ்கோ அங்கேதான் இருக்கிறது. பத்தாஆன் என்று நீட்டிச் சொன்னால் அது மணிலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் வேறொரு மாகாணம், இரண்டாம் உலகப்போரின் மரண நடைப்பயணம் நடந்த இடம். இந்த மூன்றையும் ஒன்றாக்கி எழுதிய கட்டுரைகள் நிறைய உலவுகின்றன, கவனம்.

மாகாணத்தில் ஆறு நகராட்சிகள்: பாஸ்கோ, மஹாத்தாவ், இவானா, உயுகன் நான்கும் பத்தான் தீவில், இத்பாயாத் வடக்கே தனித் தீவு, சப்தாங் தென்மேற்கே தனித் தீவு. 2020 கணக்கெடுப்பில் மாகாணம் முழுவதிலும் 18,831 பேர், நிலப்பரப்பு 219 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை, நிலப்பரப்பு இரண்டிலும் நாட்டிலேயே மிகச் சிறிய மாகாணம் இதுதான். அதில் சப்தாங்கின் பங்கு 40.7 சதுர கிலோமீட்டர். ஆள் வசிக்காத சிறு தீவான வூஹோஸும் இந்த நகராட்சிக்குள் அடக்கம்.

இப்போது சட்டம். 1991-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி புதிதாக ஒரு நகராட்சி உருவாக்க வேண்டுமானால் 25,000 மக்கள், 50 சதுர கிலோமீட்டர் நிலம், ஆண்டுக்கு 25 லட்சம் பெசோ சொந்த வருமானம் (1991 விலைவாசிக் கணக்கில்) வேண்டும். தீவு என்றால் நிலப்பரப்பு நிபந்தனை கிடையாது. மக்கள்தொகை நிபந்தனை உண்டு. சப்தாங் இன்று விண்ணப்பித்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்தானெஸும் அப்படியே: புதிய மாகாணத்துக்கு 2,50,000 மக்களோ 2,000 சதுர கிலோமீட்டரோ வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே இருந்தவை அப்படியே தொடர்கின்றன, அவ்வளவுதான். பத்தானெஸ் ககாயான் மாகாணத்திலிருந்து பிரிந்து தனி மாகாணமானது 1909-இல், அமெரிக்கர் காலத்தில். ஒவ்வொரு மாகாணத்துக்கும் குறைந்தது ஓர் உறுப்பினர் என்ற அரசியல் சட்ட விதியால், இந்தப் பதினெட்டாயிரத்துச் சொச்சம் பேருக்கும் கீழவையில் தனியாக ஒரு பிரதிநிதி இருக்கிறார்.

சப்தாங் நகராட்சிக்கு ஒரு மேயர், ஒரு துணை மேயர், மக்கள் தேர்ந்தெடுக்கும் எட்டு மன்ற உறுப்பினர்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டு. தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் அதே பதவியில் இருக்க முடியாது. நகராட்சிக்குக் கீழே பரங்காய் என்ற சிற்றூர் அலகுகள். சப்தாங்கில் ஆறு பரங்காய்கள்: சினாகன், மலக்தாங், சவிதுக், சாவாயான், சும்னாங்கா, நக்கன்முவான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரும் ஏழு உறுப்பினர்களும். ஆக, ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் தேர்தலில் வென்ற யாராவது ஒருவர் எதிர்ப்படுவார். கேலிக்குச் சொல்லவில்லை, 1,700 பேருக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மக்கள் பிரதிநிதிகள் என்றால் கணக்கு அப்படித்தான் வரும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பலருக்கும் புரியாத இடம். சொத்துவரி, சுற்றுலாக் கட்டணம் எல்லாம் சில்லறை. முக்கிய வரவு மைய அரசின் வரிப்பகிர்வு. மைய அரசின் வரி வருவாயில் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் போகிறது. அதில் மாகாணங்களுக்கு 23, மாநகரங்களுக்கு 23, நகராட்சிகளுக்கு 34, பரங்காய்களுக்கு 20 விழுக்காடு. நகராட்சிகளுக்கான தொகையைப் பிரிக்கும்போது பாதி மக்கள்தொகைப்படி, கால்பங்கு நிலப்பரப்புப்படி, மீதிக் கால்பங்கு எல்லாருக்கும் சமமாக. இந்தக் கடைசிக் கால்பங்குதான் சப்தாங்குக்குச் சோறு போடுகிறது. லட்சம் பேர் வாழும் நகராட்சிக்கு அந்த வகையில் என்ன கிடைக்குமோ அதே தொகை இங்கேயும் வரும். மக்கள்தொகைக் கணக்கில் கிடைப்பதைவிட இது பல மடங்கு அதிகம். "இவ்வளவு சின்ன ஊரை இவானாவோடு சேர்த்துவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: சேர்த்த மறுநாள் ஒரு சமபங்கு காணாமல் போகும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பகிர்வு மூன்று ஆண்டுக்கு முந்தைய வசூலை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2018-இல் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி 2022 முதல் சுங்கம் உட்பட எல்லா மைய வரிகளும் கணக்கில் சேர்ந்ததால் அந்த ஆண்டு தொகை எகிறியது. அடுத்த ஆண்டே, 2020 கொரோனா காலத்து வசூல் கணக்குக்கு வந்ததும் இறங்கியது. சொந்த வருமானம் இல்லாத சிறு ஊருக்கு இந்த ஏற்ற இறக்கம் நேரடியாக அடிக்கும்.

அடுத்தது நிலம். சப்தாங் தேய்ந்துபோன பழைய எரிமலைத் தீவு. பத்தானில் இருக்கும் 1,009 மீட்டர் இராயா மலைபோல உயிருள்ள எரிமலை இங்கே இல்லை. நடுவில் செங்குத்தான மேடுகள், ஓரத்தில் குறுகிய சமதளம், அங்கங்கே பவளச் சுண்ணாம்புக் கரை. ஊர்கள் எல்லாம் அந்த ஓரப் பட்டையில்தான். துறைமுகம் கிழக்குக் கரையில், பத்தானைப் பார்த்தபடி. அங்கிருந்து தெற்கே போனால் சவிதுக், அதையும் தாண்டி சாவாயான். மேற்குக் கரையில் நக்கன்முவானும் சும்னாங்காவும். கரையை ஒட்டி வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் சும்னாங்காவுக்கு 'குட்டி ஹாங்காங்' என்று ஒரு செல்லப்பெயர்.

காற்று இரண்டு வகை. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அமிஹான் என்ற வடகிழக்குக் காற்று. குளிரும், கடலும் கொந்தளிக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை ஹபகாத் என்ற தென்மேற்குக் காற்று, அதோடு புயல். மார்ச் முதல் மே வரைதான் கடல் ஓரளவு படுத்துக் கிடக்கும். பிலிப்பைன்ஸ்காரர்களே பத்தானெஸை "புயல்கள் பிறக்கும் இடம்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் புயல்கள் கிழக்கே வெகுதூரத்தில் பசிபிக்கில் பிறக்கின்றன. வடகோடியில் இருந்த வானிலை நிலையம் பாஸ்கோவில் இருந்ததால், வானொலியில் எப்போதும் "பாஸ்கோவிலிருந்து இத்தனை கிலோமீட்டரில்" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்காகப் புயல் வராமலும் இல்லை: 2016 செப்டம்பரில் மெராந்தி இத்பாயாத்தைக் கடந்தது, 2021 செப்டம்பரில் சாந்து இவானாவில் கரையேறியது, 2024-இல் கிராத்தோன் மாகாணத்தையே புரட்டிப்போட்டது.

காற்று அடிக்கும் ஊரில் எதை விதைப்பது? மண்ணுக்குள் விளைவதை. வள்ளிக்கிழங்கு, சேம்பு, சர்க்கரைவள்ளி, பூண்டு. நெல் இங்கே பெயருக்குத்தான். அரிசி கப்பலில் வருகிறது. வயல்களைச் சிறு சிறு துண்டாக்கி, சுற்றிலும் நாணலும் மரமும் அடர்த்தியாக வேலி வைத்திருப்பார்கள். படத்தில் பச்சைக் கட்டம் போட்ட குன்றுகளாக அழகாகத் தெரிவது இதுதான். அந்த வேலிகள் அழகுக்காக வளர்த்தவை அல்ல, காற்றுத் தடுப்பு. வேலி போனால் கொடி கிழிந்துவிடும். பெண்கள் வயலுக்குப் போகும்போது தலையிலிருந்து முதுகு வரை தொங்கும் வக்குல் என்ற நார்த் தொப்பி போட்டுக்கொள்வார்கள். வெயில், மழை, காற்று மூன்றுக்கும் ஒரே கவசம். இதற்கான நார் வோயாவோய் என்ற குட்டை ஈச்சமரத்தின் ஓலையிலிருந்து வருகிறது. இந்த மரம் நமக்கு அந்நியமானதல்ல. தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் துடைப்பம் கட்ட அறுக்கும் மலையீச்சமும் தாவரவியல்படி அதே இனம்தான். ஓலையை மெல்லிய இழைகளாகக் கிழித்து, காயவைத்து, சீவி, அடுக்கடுக்காகக் கட்டுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நீண்ட கூந்தல் போல இருக்கும். இன்று இந்த வேலைக்குப் பேர்போன ஊர் சாவாயான்.

சப்தாங் என்றதும் எல்லாரும் படம் எடுக்கும் கல்வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பயணக் கட்டுரைகள் இவற்றை 'ஆதிகால வீடுகள்' என்று தவறாக எழுதுகின்றன. சுண்ணாம்புக் காரை வைத்துக் கல்லடுக்கும் முறை ஸ்பானியர் வந்த பிறகே இங்கு வந்தது. அதற்கு முன்பு எப்படி இருந்தது என்பதற்கு 1687-இல் சிக்னெட் என்ற கப்பலில் வந்து இரண்டு மாதம் இந்தத் தீவுகளில் கழித்த வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடியின் குறிப்பு இருக்கிறது: கழி நட்டு, கிளை பின்னிய, ஆள் நிமிர முடியாத தாழ்ந்த குடிசைகள். அவை செங்குத்தான பாறைச் சரிவுகளில் வரிசை மேல் வரிசையாக இருந்தன. ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்கு மர ஏணி. ஏணியை மேலே இழுத்துவிட்டால் எவனும் ஏற முடியாது.

இன்றைய வீட்டின் சுவர், கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்து முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை கனம். சுண்ணாம்பு, பவளத்தைக் காளவாயில் சுட்டு எடுத்தது. வாசலும் ஜன்னலும் சிறியவை. பலத்த காற்று வரும் பக்கத்துச் சுவரில் ஜன்னலே வைக்க மாட்டார்கள். சமையல்கட்டு தனிக் கட்டடம். கூரை கோகோன் புல், நம்மூரில் தர்ப்பை என்று புழங்கும் புல்வகைகளில் ஒன்று. அதைப் பல அடுக்காகப் பரப்பி, நாணல் கழிகளுக்கு இடையே இறுக்கிக் கட்டுவார்கள். ஒழுங்காக வேய்ந்த கூரை 20 ஆண்டுக்கு மேல் தாங்கும். புயல் எச்சரிக்கை வந்தால் கூரை மேல் தடித்த கயிற்று வலையைப் போர்த்தி இழுத்துக் கட்டுவதும் உண்டு. இவ்வளவு புல்லை அறுத்து, சுமந்து, வேய ஒரு குடும்பத்தால் முடியாது. ஊர்கூடிச் செய்யும் வேலைக்கு இந்தத் தீவு மக்களின் மொழியான இவாத்தானில் 'யாரு' என்று பெயர். ஆள் குறைந்தால் யாரு குறையும், யாரு குறைந்தால் கூரை தகரமாகும். சாவாயானில் ஒரு சிற்றாலயம் இன்னும் புல்கூரையோடு நிற்கிறது என்றால், அதற்குப் பின்னால் அத்தனை கைகள் இருக்கின்றன.

பழுது பார்ப்பதில் நேரும் தவறு சிமெண்ட்தான். பவளம் எடுப்பது 1970-களிலிருந்தே சட்டப்படி தடை, அதனால் பழைய முறையில் சுண்ணாம்பு சுட முடியாது. ஆகவே விரிசலில் சிமெண்ட் பூசுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்துவிடும். உள்ளே பழைய காரை ஊறி உதிர, வெளியே பூச்சு பலகைபோலக் கழன்று விழும். புதிதாக கான்கிரீட் வீடு கட்டுகிறவர்கள் கடல்மணல் கலந்தால் கதை இன்னும் மோசம். உப்பு, கம்பியைத் தின்ன, கம்பி துருப்பிடித்து வீங்கி, கான்கிரீட் வெடிக்கும்.

இன்னொன்று, கனமான சுவர் காற்றுக்குச் சிங்கம், நிலநடுக்கத்துக்கு ஆட்டுக்குட்டி. 2019 ஜூலை 27 விடியற்காலையில் இத்பாயாத்தில் சில மணி நேர இடைவெளியில் இரண்டு அதிர்வுகள். அளவில் பிரம்மாண்டமானவை அல்ல, இரண்டும் ஆறுக்குக் கீழே. ஆனாலும் 9 பேர் இறந்தார்கள், கல்வீடுகள் சரிந்தன, பழைய தேவாலய மணிக்கூண்டும் இடிந்தது. இரும்போ மரச்சட்டமோ பிணைக்காத கல்சுவர் பக்கவாட்டில் ஆடினால் தாங்காது. சப்தாங் அன்று தப்பியது அதிர்வு மையத்திலிருந்து தள்ளி இருந்ததால்தான். வீடுகளின் கட்டுமானம் அதேதான்.

வரலாற்றுக்கு வருவோம். சவிதுக்குக்குப் பக்கத்தில் படிப்படியாகச் செதுக்கிய ஒரு பாறைக்குன்று நிற்கிறது. இதுபோன்ற கோட்டைக் குன்றுகளை இஜாங் என்பார்கள். போர் வந்தால் ஊரே மேலே ஏறிவிடும். அருகிலுள்ள மணல்மேட்டில், இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள் அகழ்ந்து எடுக்கப்பட்டன. வூஹோஸ் தீவில் படகு வடிவில் கல் பதித்த கல்லறைகள் உண்டு. மொழியைப் பார்த்தால் இவாத்தானுக்கு நெருங்கிய உறவு தைவானுக்குத் தென்கிழக்கே இருக்கும் ஆர்க்கிட் தீவு மக்களின் யாமி மொழி. இன்று நடுவில் நாட்டெல்லை ஓடுகிறது. மணிலாவைவிடத் தைவான்தான் இங்கிருந்து கிட்ட.

டாம்பியர் குழு இந்தத் தீவுகளுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டியது. அதில் சப்தாங்குக்கு 'மான்மவுத்'. பழைய வரைபடங்களில் தேடுகிறவர்கள் அந்தப் பெயரில் பார்க்க வேண்டும். கரும்புச்சாற்றில் இவர்கள் காய்ச்சிய பாசி என்ற மதுவை மாலுமிகள் மொடாமொடாவாகக் குடித்ததில், தீவுக்கூட்டத்துக்கே 'பாஷி' என்று பெயரிட்டுவிட்டார்கள். தைவானுக்கும் இந்தத் தீவுகளுக்கும் இடையிலுள்ள பாஷி நீரிணை அந்தப் போதையின் மிச்சம். அவர்கள் ஆடும் பன்றியும் வாங்கியது பொன் கொடுத்தல்ல, பழைய இரும்பு வளையம் கொடுத்து. தீவில் அரிதாக இருந்தது இரும்புதான்.

ஸ்பெயின் இந்தத் தீவுகளை முறையாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டது 1783 ஜூன் 26-இல். மணிலாவைப் பிடித்து இரண்டு நூற்றாண்டுக்கும் மேலான பிறகு! அப்போது பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பானிய கவர்னர் ஹோசே பாஸ்கோவின் பெயர்தான் மாகாணத் தலைநகருக்கு. குன்றிலிருந்து இறங்கிக் கரையோரம் நேர்த்தெருக்களில் குடியேறச் சொன்னார்கள். சப்தாங்கில் அது ஒத்துவரவில்லை. அரசு ஆட்கள் மரத்தையும் மற்றப் பொருள்களையும் சரியான விலை கொடுக்காமல் எடுத்துப் போனதில் பகை மூண்டது; அமான் தங்காத் என்ற தலைவர் எதிர்த்து நின்றார், அரசு ஆட்கள் சிலர் கொல்லப்பட்டனர். 1791-இல் பாஸ்கோவில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதோடு விடவில்லை. சப்தாங் மக்களையே தீவிலிருந்து கிளப்பி, எதிர்க்கரையில் இவானாவுக்குக் கொண்டுபோய்க் கண்காணிப்பில் குடிவைத்தார்கள். காரணம் மறுபடியும் அந்த 5 கிலோமீட்டர்: வருடத்தில் பாதி நாள் படகு போகாத தீவைப் பாஸ்கோவிலிருந்து ஆள முடியாது. பிறகு படிப்படியாகத் திரும்பி வந்தவர்கள் கட்டியெழுப்பியதுதான் இன்றைய ஊர். 1844-ஐச் சேர்ந்த வின்சென்ட் ஃபெரர் தேவாலயம் அந்தக் காலத்தின் அடையாளம். 'பழமை மாறாத தீவு' என்று விளம்பரம் செய்கிறார்கள். நடுவில் ஆளை அப்புறப்படுத்தி, மறுபடி குடியேறிய தீவு இது என்பதை யாரும் சொல்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டை வேகமாகக் கடக்கலாம். 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை பிலிப்பைன்ஸில் முதன்முதலில் இறங்கியது பத்தான் தீவில்; விமானத்தளம்தான் குறி. 1994-இல் மாகாணம் முழுவதும் காப்பு நிலமாகவும் கடலாகவும் அறிவிக்கப்பட்டு, 2001-இல் தனிச் சட்டமானது. உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்படுவதற்காக 1993-லிருந்தே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் காத்திருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: மணிலாவிலிருந்து பாஸ்கோவுக்கு விமானம், அங்கிருந்து சாலை வழியே இவானா துறை, பிறகு ஃபலோவா என்ற படகில் அரை மணி முதல் முக்கால் மணி. பிலிப்பைன்ஸின் மற்ற ஊர்ப் படகுகளுக்கு இருபுறமும் மூங்கில் சட்டம் இருக்கும், ஃபலோவாவுக்கு இருக்காது. இங்கத்திய அலையில் அந்தச் சட்டம் முறியும், பாறைகளுக்கு நடுவிலான குறுகிய துறையில் நுழையவும் முடியாது. பதிலாக உருண்டை அடிப்பகுதி. அதனால் பக்கவாட்டில் நன்றாக உருளும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அலை படகைத் தூக்கும் நொடிக்குக் காத்திருந்து, படகோட்டி சொன்னதும் கால் வைக்க வேண்டும். கையில் பையோடு தாவுவதுதான் வழுக்கி விழ முக்கியக் காரணம்.

காலையில் போய் மதியத்துக்குள் திரும்புவதுதான் பலரின் திட்டம். பிற்பகலில் கடல் ஏறும். கடலோரக் காவல்படை சிறு படகுகளை நிறுத்திவிட்டால் எந்தச் சிபாரிசும் எடுபடாது, காற்று இறங்கும்வரை தீவில்தான். ஆகவே திரும்பும் விமானத்தைச் சப்தாங் போகும் நாளுக்கு மறுநாளே பதிவு செய்யாதீர்கள். நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள், டிசம்பர், ஜனவரியில் என்றால் இன்னும் கூடுதலாக. தேவையான பணத்தை ரொக்கமாகப் பாஸ்கோவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் நகராட்சிச் சுற்றுலா மேசையில் பெயரைப் பதிந்து கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். சாவாயானில் வீடுகளைப் படம் எடுக்கும்முன் வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக் கேளுங்கள். ஆள் குடியிருக்கும் வீடுகள் அவை. நன்றி சொல்ல "தியோஸ் மமாஹெஸ்" என்றால் போதும்.

படகுக்குக் காத்திருக்க நேர்ந்தால், இவானா துறைக்கு எதிரே 1995-லிருந்து ஆளில்லாமல் நடக்கும் ஒரு காப்பிக்கடை உண்டு. எடுத்துக்கொண்டதை நோட்டில் எழுதி, காசைப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். மீதிச் சில்லறை தர ஆள் இல்லை, சின்ன நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.